பாதிக் கூடாரம்

சமையலறைத் தராசில்
ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினேன்.
தூக்கப்பை தொள்ளாயிரத்து இருபது கிராம்.
மழைச்சட்டை முந்நூற்றுப் பத்து.
பல்துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தேன்;
பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள்
செய்கிற காரியமா இது என்று
கண்ணாடி கேட்டது.

கனமானவை அடியில், அச்சுக்குப் பக்கத்தில்.
மெத்தென்றவை சுருட்டி, கைப்பிடியில்.
மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே:
நான் பையைத் துழாவி முடிக்கும்வரை
எந்த மேகமும் பொறுத்ததில்லை.
இடப்பக்கம் ஒரு புட்டி கூடினால்
வலப்பக்கம் ஒரு கம்பு ரொட்டி.
இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி
குடித்தவன் தோள்போல் சாயும்.

கூடாரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம்:
கம்பிகள் ரெய்யாவிடம், துணி என்னிடம்.
அடுப்பு அவளிடம், எரிவாயு என்னிடம்.
காப்பித்தூள் நான், சர்க்கரை அவள்.
நான்கு கோடையாக இதே பாகப்பிரிவினை.
யார் சுமை அதிகம் என்ற வழக்கு
மேடு ஏறும்போது மட்டும் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை
சவோன்லின்னாவின் பாலம் தாண்டி
நான் முன்னால் போனேன்.
அவள் வேலை முடித்து ஏழுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.
முப்பத்தொரு கிலோமீட்டர்,
கடைசி ஆறும் சரளைக்கல்.
எந்தக் கொக்கி தளர்ந்ததோ,
டிக் டிக் என்று கூடவே ஒரு சத்தம்.
மூன்று முறை இறங்கித் தேடினேன்.
நான் நின்றால் அதுவும் நின்றது.

புருவேசி ஏரிக்கரையில்
பைகளைக் கழற்றும்போது கைபேசி.
"வில்யமிக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பது.
நான் வரவில்லை."
கொஞ்சம் பொறுத்து, சின்னக் குரலில்:
"கம்பிகள்... இங்கே, செருப்பு அலமாரி பக்கத்தில்."

துணியைப் புல்லில் விரித்துப் பார்த்தேன்.
நின்றால்தான் அது கூடாரம்.
படுத்திருந்தால் பெரிய கைக்குட்டை.
அடுப்பில்லாத எரிவாயுக் குப்பியை
ஆட்டிப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.
கொசுக்கள் மட்டும்
எந்த உதிரிப் பாகத்தையும்
வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.
சீட்டும் கைப்பிடியும் மண்ணில் பதிய
பின்சக்கரத்தின் மேல் துணியைப் போட்டு
ஒரு முனை பிர்ச் மரவேரில்,
மறுமுனைக்குக் கற்கள்.
பார்வைக்கு
துணி காயப்போட்ட குதிரை.
உள்ளே ஒருத்தி, முழங்கால் மடக்கினால்.

பதினோரு மணிக்கும் இருட்டவில்லை.
ஜூலை வெளிச்சத்துக்கு அதுதான் பழக்கம்:
போய்வருகிறேன் என்று சொன்ன விருந்தாளி
வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பதுபோல.
குவளையில் ஏரித் தண்ணீர் மொண்டு
காப்பித்தூளைப் போட்டு மூடிவைத்தேன்.
விடியும்வரை ஊறட்டும்.

ஒன்றரைக்கு மழை.
துணிக்கு வெளியே முன்சக்கரம்
காற்றில் தானாகச் சுழன்றது.
டிக். டிக்.
கையை நீட்டித் தடவினேன்:
ஆரக்கம்பிகளுக்கிடையே செருகிக்கிடந்த
விரல்நீளப் பைன் குச்சி.
எடுக்கவில்லை.
அந்நேரத்துக்கு அது ஒன்றுதான்
பேச்சுத்துணை.

ஐந்தே முக்காலுக்குச் சரளையில் டயர் சத்தம்.
ரெய்யா. முடியெல்லாம் நீர்,
கம்பிகள் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி.
"மூன்று மணிக்கு இறங்கிவிட்டது.
அவன் அப்பா பக்கத்தில் இருக்கிறார்."
கவிழ்ந்த வண்டியை, கிளையில் தொங்கும் காலுறைகளை
ஒரு சுற்றுப் பார்த்தாள்.
மன்னிப்புக் கேட்கத் திறந்த வாய்
அதை மறந்து சிரித்துவிட்டது.

குளிர்ந்த காப்பியை ஒரு மடக்குக் குடித்து
முகத்தைச் சுளித்தாள்.
சர்க்கரை எங்கே என்றேன்.
செருப்பு அலமாரி பக்கத்தில் என்றாள்.

பத்து மணிக்கு மூட்டை கட்டும்போது,
"ஆளுக்கொரு சின்னக் கூடாரம் வாங்கிவிடலாமா?"
எவ்வளவு எடை வரும் என்று கேட்டேன்.
தெரியாது என்றாள்.
கம்பிகளை எண்ணி, துடைத்து,
தன் வண்டியிலேயே கட்டினாள்.
மழை குடித்த துணி
இரண்டு மடங்கு கனத்தது.
அதை நான் எடுத்துக்கொண்டேன்.