விழுகிற பல்தானே

முதலில் வந்தது வெள்ளைக் கோடு.
மேல்வரிசையில், ஈறை ஒட்டி,
சுண்ணாம்பைத் தொட்டு இழுத்தது போல.
பால் குடித்த தடம் என்று நினைத்தேன்.
துடைத்தேன். போகவில்லை.
நிலக்கரி லாரி காத்திருந்தது.
நான் போய்விட்டேன்.

கோபிப் பாலையில் எல்லை வரிசை
ஒன்பது நாள் நகராது. சில தடவை பதினொன்று.
திரும்பும்போதெல்லாம் என் கோட்டுப் பையில்
மிட்டாய்த் தாள் சலசலக்கும்.
உயாங்கா என் முகத்துக்கு முன்
பையைத்தான் பார்ப்பாள்.
இரவில் சிணுங்கினால்
சர்க்கரை கரைத்த பால் புட்டி.
அதை வாயில் வைத்தபடியே தூங்குவாள்.
வட்டக் கூடாரம் முழுக்க அமைதி.
எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது,
இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோடு பழுப்பாயிற்று.
கடைவாயில் குழி விழுந்தது.
"விழுகிற பல்தானே" என்றேன் மனைவியிடம்.
கொங்கர்சுல் அதையே
பக்கத்துக் கூடாரத்தில் சொன்னாள்.
ஒரு வாக்கியம் இப்படித்தான் ஊராகிறது.

ரொட்டியை இடப்பக்கமே மென்றாள்.
குளிர்ந்த தண்ணீரைத் தள்ளிவிட்டாள்.
ஈறில் பருப்பளவு கொப்புளம்.
அது உடைந்தது, வலி போனது,
நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

புத்தாண்டு முடிந்த மூன்றாம் நாள்
கன்னம் வீங்கிக் கண்ணைத் தொட்டது.
உடம்பு அடுப்பு. வெளியே உறைபனி.
நூற்று நாற்பது கிலோமீட்டர்.
நிலக்கரிக்கு ஓட்டிய அதே கைகள்
ஸ்டியரிங்கில் வழுக்கின.

மருத்துவர் சாருல் திட்டவில்லை.
விழுங்குகிறாளா? வாய் திறக்கிறாளா? மூச்சு?
மூன்றுக்கும் ஆமென்றபோது
அவர் தோள் சற்று இறங்கியது.
"வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால்
விடியட்டும் என்று இருக்காதீர்கள்."

எப்போது வந்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.
"வெள்ளைக் கோடு தெரிந்த அன்று.
அதற்கும் முன்னால்,
முதல் பல் எட்டிப் பார்த்ததும்."

பிறகு அவரே கேட்டார்:
"உங்கள் எல்லை வரிசையில்
நடுவில் ஒரு லாரி வெளியேறினால்?"
பின்னால் இருப்பவன் முன்னேறி அடைத்துவிடுவான்.
"ஆறு வயதில் பின்னாலிருந்து ஒரு பெரிய பல் வரும்.
அது செய்யப்போவதும் அதுதான்.
இந்த இடத்துக்கு உரிய பல் வரப் பத்து வயதாகும்.
வீக்கம் வடியட்டும்,
இடம் காக்க ஒரு கம்பி வளையம் போடுவோம்."

பஞ்சில் சுற்றித் தந்த பல்லை
எங்கள் வழக்கப்படி கொழுப்பில் பொதிந்து
நாய்க்குப் போட்டோம்.
கெட்டதை எடுத்துக்கொள், நல்லதைக் கொடு.
மெல்லாமல் விழுங்கியது.
"அதுக்குப் பல் வலிக்குமா?" என்றாள் உயாங்கா.
என்னிடம் பதில் இல்லை.

இந்த முறை வெறும் பையோடு வந்தேன்.
உள்ளே கைவிட்டுத் துழாவினாள்,
தையல் வரைக்கும்.
மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.
பேசாத வாயை
ராத்திரி திறக்கச் சொல்லி
பிரஷ் போட்டு, உதட்டைத் தூக்கி,
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
அடுத்து, தொட்டிலில் தம்பி.
ஈறில் அரிசிமுனை.