மஞ்சள் அம்புக்குறி

கம்பத்தில் ஒரு மஞ்சள் அட்டை.
கறுப்பு மையில் அம்பு.
அதன்மேல் ஒரே சொல்: பீட்ரூட்.
புடாபெஸ்டில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு
அது ஏதோ காய்கறிக் கிடங்குக்கு வழி.
எங்கள் ஐந்து பேருக்குத் தெரியும்
பீட்ரூட் என்றால் சனிக்கோள்.

பொய்ப்பெயரில்தான் படம் எடுக்கிறார்கள்.
மெய்ப்பெயரை
சாப்பாட்டு லாரியிலிருந்து பறந்த ரசீதில்
பிப்ரவரியிலேயே பிடித்துவிட்டோம்.

கதையில் எங்கள் கைக்கு வந்தது இவ்வளவு:
சனியின் நிலவொன்றில் ஒருத்தி
கலங்கரை விளக்கைக் காக்கிறாள்.
பூமியில் ஒருவன் அவளோடு பேசுகிறான்.
அவன் குரல் அங்கே போய்ச்சேர
ஒரு மணி இருபது நிமிடம்.
அவள் குரல் இங்கே வர
இன்னொரு ஒரு மணி இருபது.
சாப்பிட்டாயா என்று கேட்டால்
பதில் வருவதற்குள்
கேட்டவனுக்கே பசித்துவிடும்.

மீதியை நாங்களே ஒட்டுப்போட்டுத் தைத்தோம்.
பொதோந்த் இரண்டாம் எண் டிராம் ஓட்டுகிறான்.
டான்யூப் கரையில் வேகத்தைக் குறைத்து
படகில் ஏற்றிய வெள்ளைக் கோபுரத்துக்கு
பதினொரு ஜன்னல் என்று எண்ணி வந்தான்.
தாமதத்துக்கு அபராதம் கட்டினான்.
பிரோஷ்கா குப்பைத் தொட்டியில் ஒரு முழத் துணி எடுத்து
இது கல்யாண உடை என்றாள்.
விண்வெளி உடுப்பின் உள்துணி என்றான் வில்மோஷ்.
மூன்று வாரம் இருவருக்கும் பேச்சில்லை.

நாயகன் விலகிவிட்டான் என்று தெரிந்த இரவு
இழவு வீட்டில்போல் உட்கார்ந்திருந்தோம்.
புதியவன் வந்தான்.
காது பெரிசு என்று குறை சொன்னோம்.
வெள்ளிக்கிழமைக்குள்
அந்தக் காதை எங்களுக்கு
எப்போதுமே பிடித்திருந்தது.

ஜூலையில் பனி பெய்தது.
காகிதப் பனி, காற்றாடி வைத்து.
தடுப்புக்கு இந்தப்பக்கம்
வியர்த்து வழிந்தபடி நின்றோம்.
பார்க்க ஒன்றுமில்லை, போங்கள் என்றார் காவலாளி.
நான்காம் இரவு, நாங்கள் கொடுத்த காப்பியை ஊதிக்கொண்டே
வடக்கு மூலையில் நில்லுங்கள் என்றார்.
எமோகேயின் முடியில் ஒரு பனித்துண்டு.
தட்டிவிடாமல் வீடுவரை கொண்டுபோனாள்.
நான் சொல்லவில்லை, அது இருக்கிறதென்று.
அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

செப்டம்பரில் அவளை எடுத்துக்கொண்டார்கள்.
கூட்டத்தில் ஒருத்தி.
முகம் வேண்டாம், முதுகு போதும்.
ஏழு பக்கத்தில் கையெழுத்து:
கண்டதைச் சொல்லக்கூடாது.

திரும்பி வந்தவளிடம் முடிவு இருந்தது.
பேக்கரி மாவு காய்ந்த நகங்களைப் பார்த்துக்கொண்டு
எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தாள்.
சேர்கிறார்களா? அதை மட்டும் சொல் என்றாள் பிரோஷ்கா.
தும்மினால் ஒரு பொருள் எடுத்தோம்,
சிரித்தால் ஒரு பொருள்.
பொதோந்த் கோபித்துக்கொண்டான்.
ஊரெல்லாம் துப்பு சொன்னவள்
இப்போது எதிர்க்கட்சி.
பிறகு அவள் வருவதில்லை.

படம் அடுத்த வருடம் இல்லையாம்.
அதற்கடுத்த வருடமும் சந்தேகமாம்.
கோபுரத்தைக் கழற்றிப் பலகையாக அடுக்கிவிட்டார்கள்.
ஜன்னல் பதினொன்றும்
ஒரு லாரியில் சாய்ந்து போயின.

எனக்கு மருந்துக்கடையில் இரவு வேலை.
விடிந்ததும் அவள் பேக்கரி வழியாகத்தான் நடை.
இன்று உள்ளே போனேன்.
கசகசா ரொட்டி ஒன்று கேட்டேன்.
என்னைப் பார்த்ததும் அவள் தோள் இறுகியது.
முடிவைக் கேட்பேன் என்று நினைத்திருப்பாள்.

சாப்பிட்டாயா என்றேன்.

சில்லறையை எண்ணி வைத்தாள்.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.
அப்போது மணி ஏழே கால்.

அறைக்கு வந்தேன், திரையை இழுத்தேன்,
தூக்கம் வரவில்லை.
தெருமுனைக் கம்பத்தில் யாரோ
புது மஞ்சள் அட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.
எழுந்துபோய்ப் படிக்கவில்லை.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குப்
போன் ஒளிர்ந்தது:

இல்லை. நீ?