வகை ஒன்று

இங்கே முதலிடத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.
தோல் வழி நச்சு: வகை ஒன்று.
எண் குறையக் குறைய
ஆளும் குறைவான் என்று பொருள்.

தார்த்து நகரில் ஆற்றுக்கு மேலே
மகரந்தம் எண்ணும் கூடம் எங்களுடையது.
சதுப்பின் அடிவயிற்றிலிருந்து
கோல் கோலாய் உருவி வந்த மண்ணுக்குள்
எப்போதோ உதிர்ந்த பூர்ச்சமரப் பொடி.
மணலைக் கரைத்துவிட்டுப் பொடியை மட்டும்
மிச்சம் வைக்கத் தெரிந்த அமிலம் ஒன்று,
ஹைட்ரோஃப்ளூரிக்.
கண்ணாடியையும் தின்னும் என்பதால்
பிளாஸ்டிக் புட்டியில் குடியிருக்கிறது.
கல்லை விழுங்கிப் பூவை விடுகிறதே என்று
சேர்ந்த வாரம் நான் நெகிழ்ந்துபோனேன்.

அப்புறம் பாதுகாப்பு ஏட்டைப் படித்தேன்.

தோலில் அது கதவு தட்டாமல் நுழையும்.
நீர்த்த கரைசல் என்றால்
மணிக்கணக்கில் வலியே தராது.
உள்ளே போய்ச் சுண்ணாம்பு கேட்கும்,
எலும்பிடம், ரத்தத்திடம்,
இதயம் துடிக்க வைத்திருக்கும் கொஞ்சத்தையும்.
கேட்டதை வாங்காமல் போகாது.
ஆகவே நாமே முந்திக்கொண்டு
கொடுத்துவிட வேண்டும் சுண்ணாம்பை:
கால்சியம் குளுக்கோனேட் களிம்பு,
வெள்ளைக் குழாய், கதவோரப் பெட்டி.
பெட்டி மேல் ஓர் அட்டை.
மாதம் ஒரு கையெழுத்து.
கையெழுத்து என்னுடையது.

புட்டிக்குச் சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரங்கள்.
ஒன்றில் மண்டையோடு,
ஒன்றில் கையை அரிக்கும் துளி.
கீழே எஸ்தோனிய மொழியில் அபாயம் என்ற சொல்.
துப்புரவுக்கு வரும் ஸினாய்தாவுக்கு
எஸ்தோனியம் எழுத்துக் கூட்டித்தான் வரும்,
வீட்டில் ரஷ்ய மொழி.
மண்டையோட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.
ஆனால்
மேசையில் கிடக்கும் துளிக்கு
யார் லேபிள் ஒட்டுவது?

ஜனவரி. நாலரைக்கே இருட்டு.
ரைகோ கதவைச் சாத்த மறந்திருந்தான்.
நான் இரட்டைக் கையுறையைக் கழற்றிவிட்டுத்
திரும்பிப் பார்த்தால்
ஸினாய்தா உள்ளே நிற்கிறாள்,
வெறுங்கையில் துணி, துணியில் ஈரம்.
பளபளவென்று ஏதோ கிடந்தது, துடைத்தேன் என்கிறாள்,
பிள்ளை சிந்திய பாலைச் சொல்வதுபோல.

நான் போட்ட கூச்சல் என் குரலாகவே இல்லை.
குழாய்த் தண்ணீரில் அவள் கை,
அவள் மணிக்கட்டில் என் பிடி.
ட்ரீன் அவசர எண்ணை அழுத்தி
முகவரி சொல்லிக்கொண்டிருக்க
ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பை எடுத்தேன்.

குழாயின் மடிப்பில் தேதி.
ஆகஸ்டோடு முடிந்திருந்தது.

அட்டையில் ஆகஸ்டுக்குப் பின்
ஐந்து கையெழுத்து,
அழகாக, ஒரே சாய்வில்.

மறுகையுறை போட்டு அதையே தேய்த்தேன், வேறென்ன செய்ய.
புதுக் குழாய்க்காக ரைகோ கீழ்த்தளத்துக்கு ஓட,
ட்ரீன் இடுக்கியில் காரகாடித் தாளைப் பிடித்துத்
துணியின் ஈரத்தில் வைத்தாள்.
சிவக்குமா என்று மூவரும் பார்த்தோம்.
ஸினாய்தா எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

பச்சை.
வெறும் தண்ணீர்.
உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்த மண்கோல்
உருகிச் சொட்டியது.

அப்படியும் அவளை மருத்துவமனைக்கு அனுப்பினோம்.
சைக்கிள் நனைகிறது என்று திட்டிக்கொண்டே ஏறினாள்.

படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்,
கதவு திறந்திருந்தது என்று எழுதினேன்.
அடித்தேன்.
தேதியைப் படிக்காமல் கையெழுத்திட்டது நான்
என்று எழுதினேன்.
கட்டம் சிறியது, எழுத்து வெளியே வழிந்தது.

மறுநாள் ஸினாய்தா வந்து
அந்தப் பழைய களிம்பைக் கேட்டாள்,
குளிரில் வெடித்த கைக்கு நன்றாக இருந்ததாம்.
தரவில்லை.
கடையில் ஒரு பிசின் களிம்பு வாங்கி
அவள் வாளியில் போட்டேன்.

இப்போது ஒவ்வொரு முதல் தேதியும்
குழாயை விளக்குக்கு நேரே தூக்கி
மாதத்தையும் ஆண்டையும் வாய்விட்டுப் படிக்கிறேன்.
வாசலில் நாங்கள் ஒட்டிய மஞ்சள் கோட்டுக்கு அப்பால்
துடைப்பத்தோடு நின்று
யாரோடு பேசுகிறாய் என்கிறாள் அவள்.