இடது பக்கம்

சோமனூர் பேக்கரி. மூன்று டீ, ஒரு தேங்காய் பன்.
மேஜைமேல் ஏழு ஜோடி இயர்போன்.
ரப்பர் குமிழைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து
கை மாற்றிக்கொள்கிறோம்.
ஒரே பாட்டு, ஒரே இடம்:
இரண்டாம் நிமிடம், வயலின்கள் நுழைகிற வாசல்.

கோகிலவாணி மில்லில் நூலுக்குத் தரம் பார்ப்பவள்.
"இதோட பேஸ் இருபதாம் நம்பருங்க, தடி நூலு.
அது அறுபது. இழை பிரியுது."

கிருபாசங்கர் முகம் சுளித்தான்:
"ஸ-ன்னு வர்ற எடமெல்லாம் ஊசி குத்துது."
எனக்கு எதுவும் குத்தவில்லை.
மிருதுவா இருக்கு என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் அவனுடைய புதுசு. பதினெட்டாயிரம்.
"பாடறவ நட்டநடுவுல நிக்கறா, பாருங்க."
எனக்கு அவள்
வலது தோளை ஒட்டி நின்றாள்.
"எடது பீஸ் கோளாறு. மாத்திக் குடுக்கச் சொல்லு."

வாணி பேசாமல் எழுந்து வந்து
இடதை வலதிலும்
வலதை இடதிலும் மாட்டினாள்.
பாடகி நகரவில்லை.
தலையைத் திருப்பினேன்,
கூடவே திரும்பினாள்.

பதினாறு தறி, இருபத்திரண்டு வருஷம்.
நாடா ஒடிந்து கையைக் கிழித்தது ரெண்டு தடவை;
அதற்கு மட்டும் தையல் போட்டார்கள்.
கதவோரத் தறி எப்போதும் என் இடப்பக்கம்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
கிருபா பன்னைப் பிய்த்து என் பக்கம் தள்ளினான்.
தெருவில் ஷிப்ட்டு மாறி
மறுபடி ஓடத் தொடங்கின தறிகள்,
தரை வழியாக, செருப்பு வழியாக.
அது மட்டும் நட்டநடுவில்.

தவணையில் தருவியா என்றேன்,
பதினெட்டாயிரத்தை.