ஒட்டும் இடம்

மோட்டார் சைக்கிளுக்குக் கதவு கிடையாது.
சோங்சிங்கில் ஒன்பது பேர், வாடகைக் கொட்டகை,
அக்கக்காகக் கழற்றிப்போட்ட ஜப்பான் இன்ஜின் ஒன்று,
அப்படித்தான் ஆரம்பித்தோம்.
கார்புரேட்டரைக் காதால் கேட்டுத் திருகுவேன் நான்.
ஹனோய்க்குக் கப்பலேறிய வண்டிகளில்
என் காதும் கொஞ்சம் போயிருக்கிறது.

பிறகு முதலாளி டாய் கார் என்றார்.
காருக்கு நான்கு கதவு.
சாத்தினால் வங்கிப் பெட்டகம் மாதிரி கேட்கவேண்டுமாம்.
எங்களுடையது தகர டப்பா.
ரப்பர் மாற்றினோம், கீல் மாற்றினோம்,
சாத்திச் சாத்தி என் வலது தோள் இறங்கிவிட்டது.
டெஹ்ரான் டாக்சிக்காரர் ஒருவர் எழுதினார்:
"கதவு நன்றாகத்தான் சாத்துகிறது,
தூசிக்குத்தான் அது தெரியவில்லை."
சிரித்தோம். சம்பளம் வந்த மாதம் அது.

அப்புறம் பாட்டரிக் கார், கடன்,
கடனை அடைக்கக் கடன்.
ஆற்றோர மூடுபனியில்
யாரும் ஏறாத கார்கள் வரிசையாக.

இன்று நீதிமன்ற ஆள் பசைவாளியோடு வந்தார்.
கதவு கதவாகக் காகித முத்திரை.
காட்சிக்கூடத்தில் எங்கள் முதல் வண்டி நின்றது.
எங்கே ஒட்டுவதென்று
இரண்டு முறை சுற்றிவந்தார்.
என் அட்டையைப் படித்து,
"ரான் சியோங்யிங், கையை எடுங்கள்" என்றார்.
சீட்டில் ஒட்டினார்.