ஏழாம் வளையம்

நூற்றுப் பத்து வருடமாக
ஒரே ஒரு ஆண்.
அதுவும் கடல் தாண்டி, கண்ணாடிக் குப்பிக்குள்,
சாராயத்தில் ஊறி நிறம் போய்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
ஷெவராய்ஸ், 4500 அடி, ஜூலை.
எந்தச் சரிவு, எந்த மரத்தடி,
ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?
எழுதியவருக்கு மழைக்கு முன் வீடு திரும்பும் அவசரம்.

அந்த ஜூலையைத் தேடித்தான்
காலை ஆறே காலுக்கு அஸ்தம்பட்டியில் பஸ் ஏறுகிறேன்.
பையில் சல்லடை, இடுக்கி, ஊறுகாய் பாட்டில் நாலு.
இருபது கொண்டை ஊசி வளைவு.
"ரயில் பூச்சிக்கா மேடம் இவ்ளோ தூரம்?
எங்க வீட்டு பாத்ரூம்லயே இருக்கே" என்றார் கண்டக்டர்.

இருக்கும்.
தொட்டால் சுருளும், சுருண்டால் ஒரு ரூபாய் நாணயம்,
அதுவரை எல்லோருக்கும் தெரியும்.
எந்த மரவட்டை என்று கேட்டால்தான் சிக்கல்.
ஆணைப் பிடிக்க வேண்டும்.
மல்லாத்தி, தலையிலிருந்து எண்ணி
ஏழாம் வளையத்தில் நிறுத்த வேண்டும்.
நடக்கும் காலாக இருக்க வேண்டியது அங்கே
கொக்கியாகி, கரண்டியாகி, முள்ளாகி நிற்கும்.
அந்தக் கொக்கியின் வளைவில் இருக்கிறது பெயர்.

பெண்ணுக்குக் கொக்கி இல்லை.
பெயரும் இல்லை.

எனக்கு வாய்த்ததெல்லாம் பெண்கள்.
முதல் மழைக்குப் பதினொன்று,
அடுத்த மழைக்கு இருபத்தாறு.
நாகலூருக்கு மேலே காபிச் செடிகளுக்கு நடுவில்
மட்கிய பலா இலைக்கு அடியில்,
மூக்கருகே கொண்டுபோனால் பாதாம் வாசம்.
சில்வர் ஓக் சருகில் ஒன்றும் இல்லை.
பாக்சைட் தோண்டிய சிவப்புக் குழியில் ஒன்றும் இல்லை.
இல்லை என்பதையும் எழுதினேன்,
பூஜ்யமும் தரவுதான்.
மற்றதற்கெல்லாம் ஒரே வரி:
பெண். இனம் தெரியவில்லை.

ஆதார் திருத்தப் போயிருந்தேன் அந்த வாரம்.
"கணவர் பேரு?"
இல்லை.
"அப்ப தகப்பனார் பேரு சொல்லுங்க."
நான் சிரித்ததற்குக் காரணம்
அந்தப் பையனுக்குப் புரிந்திருக்காது.

மூன்றாம் மழையில், பதினேழாம் வளைவில்
பஸ் பஞ்சர்.
எஸ்டேட்டில் களையெடுக்கும் இலஞ்சியமும் நானும்
இறங்கி நின்றோம்.
"இந்தா, உன் சொந்தக்காரன்" என்று
செருப்பு நுனியால் காட்டினாள்.
எந்த ஜீப்போ ஏறியிருக்கிறது.
பின்பாதி தாரோடு தார்.
முன்பாதியைப் பிளேடால் நெம்பி உள்ளங்கையில் வைத்து
எண்ணினேன்.
நாலு. அஞ்சு. ஆறு.
ஏழு இருந்தது.
ஏழில் கொக்கி இருந்தது.
"செத்ததுக்கா இவ்ளோ சிரிப்பு" என்றாள்,
குடையை என் பக்கம் சாய்த்தபடி.

ஐரோப்பாவில் பனிமலை அடிவாரத்தில் ஒருவர்
இந்த வகைக் கால்களையே வாழ்க்கையாக வைத்திருக்கிறார்.
கொக்கியை வரைந்து அனுப்பினேன்.
பதினெட்டு நாள் கழித்துப் பதில்:
வளைவு சரி. முள் சரி. அதுவேதான்.
கீழே, கேட்காமலே, தன் கதை.
பனிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அவருக்கும் ஒரு பூச்சி,
முப்பது வருடத்தில் மூன்று புள்ளி.
"உங்களுக்கு இரண்டு. வாழ்த்துகள்."

இரண்டு என்று எப்படிச் சொல்வது?
பழைய புள்ளி எங்கே என்று சீட்டுக்கே தெரியாது.
புதியது ரோட்டின் மேல்,
ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா,
அதுவும் தெரியாது.
வரைபடத்தில் மை வைத்தேன்.
அச்சுக்காரர் கேட்ட அளவில் வைத்தால்
புள்ளி ஒரு சரிவையே விழுங்கிவிட்டது,
காபி, ஓடை, குழி எல்லாம் சேர்த்து.
அது வாழும் இடத்தைவிட
அது வாழ்கிறது என்ற குறி பெரிது.

முப்பத்தேழு பெண்களின் சீட்டை
இன்னும் மாற்றவில்லை.
அதே மலை, அதே மழை, அதே பாதாம் வாசம்.
போதாது என்கிறது விதி.
இனம் தெரியவில்லை என்பதன் பக்கத்தில்
பென்சிலால், அழிக்க வசதியாக,
ஒரு கேள்விக்குறி மட்டும்.