நியூட்ரல்

பழைய எஞ்சினைக் கழற்றியதும்
பின்பலகையில் இரண்டு வட்டங்கள் தெரிந்தன.
பதினோரு வருஷம் திருகாணி அழுத்திய இடம்.
மரம் அங்கே மட்டும்
இன்று காலை அறுத்ததுபோல் மஞ்சளாக இருந்தது.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
இடுப்பளவுத் தண்ணீரில்
ஓலைக்குடாக் கரைக்கு நடந்தோம்,
நானும் மிக்கேல்தாசும்.
பாதியை உப்பு தின்றிருந்தும்
கனம் குறையவில்லை.
ஏர்வாடிக்காரர் ஒருவர் உதிரிக்கென்று வாங்கிப்போனார்.
மேல்மூடியை மட்டும் பிரகாசி தரவில்லை.
அதைக் கவிழ்த்துச் சேவலை அடைத்தாள்.
விடியக்காலையில் முதல் இழுப்பிலேயே கூவியது.
"இதுக்குள்ள இருந்து நேரத்துக்கு ஒரு சத்தம்
இப்பத்தான் வருது" என்றாள்.

புது எஞ்சினுக்குத் தண்டு நாலு விரல் அதிகம்.
அப்படியே மாட்டினால் விசிறி பாரில் இடிக்கும்.
குற்றம் என்னுடையது.
கடையில் அளவு கேட்டபோது கையை விரித்துக் காட்டினேன்.
மீன்பிடிக்கிறவன் கை
எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் விரியும்.
பின்பலகைமேல் வேம்புத் துண்டு வைத்து உயர்த்தினோம்.
வட்டங்கள் இரண்டும் கீழேயே நின்றுவிட்டன.

கன்ட்ரோல் பெட்டி பொருத்த
மண்டபத்திலிருந்து நெய்னா வந்தார்.
இனிப் பின்னணியத்தில் குந்தி
ஒரு கை எஞ்சின் பிடியில்
ஒரு கை தாமான் கயிற்றில்
மூன்றாவது கையை மாதாவிடம் கேட்டுக்கொண்டு
இருக்க வேண்டாம்.
பாய்மரத்துக்குப் பக்கத்திலேயே நெம்புகோல்.
கேபிள் இரண்டும் வங்குக்கு வங்கு தாவி
ஐஸ்பெட்டிக்கு அடியில் புகுந்து பின்னால் போயின.

நெய்னா பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது:
முன்னே தள்ளினால் வள்ளம் பின்னே போகிறது.
பின்னே இழுத்தால் முன்னே.
"கேபிள் மாறி விழுந்திருக்கும்ணே,
வெள்ளிக்கிழமை கழிச்சு வர்றேன்."
வெள்ளிக்கிழமை கழிந்தது.
பிறகு இன்னொன்று.
மீன் இருந்தது. காற்று இருந்தது.
ஸ்பேனருக்காக யார் காத்திருப்பது?
மூன்று நாளில் கை கற்றுக்கொண்டது.
மிக்கேல்தாஸ்தான் கரையில்
தள்ளவேண்டிய கதவையெல்லாம் இழுத்துக்கொண்டு நின்றான்.
அந்தப் பெட்டி நடுவில் ஒரு பள்ளம் உண்டு,
'டக்' என்று விழும். நியூட்ரல்.
முன்னும் பின்னும் பொய் சொல்கிற பெட்டியில்
அது ஒன்றுதான் சொன்னபடி இருந்தது.
ஐந்தாம் வாரம் நெய்னா வந்தார்.
டீ குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

பெட்டியோடு ஒரு சிவப்புச் சுருள்கயிறும் வந்திருந்தது.
ஒரு முனை பெட்டியில், ஒரு முனை மணிக்கட்டில்.
ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கும்,
எஞ்சின் நிற்கும்.

பழையதற்கு அது இல்லை.
சூசைராயன் விழுந்த ராத்திரி
அவன் இல்லை என்பதே தெரியாமல்
எண்ணெய் தீரும்வரை ஓடியிருக்கிறது.
மறுநாள் மத்தியானம் கண்டெடுத்தோம்,
வள்ளத்தை.

அண்ணன்காரன் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
நான் கயிற்றை மாட்டும்வரை
நங்கூரத்தையும் எடுப்பதில்லை.
நனைந்தால் அரிக்கிறது, இழுக்கிறது,
பீடி பற்றவைக்க விடுவதில்லை.
இருந்தும் மாட்டிக்கொள்வேன்.

நேற்று, காற்று திடீரென்று திரும்பி
பாய் படபடத்தது.
தாமானை எட்டிப் பிடித்தேன்.
சிவப்புக் கயிறு பிடுங்கிக்கொண்டது.
எஞ்சின் நின்றது.

அணியத்தில் முதுகு காட்டி
வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தவன்
திரும்பிய வேகத்தை
இருபது வருஷத்தில் நான் கண்டதில்லை.
கையில் நண்டு கவ்வியிருந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை.
வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.
வள்ளத்துக்கு அடியில் தண்ணீர் 'களக் களக்' என்றது.

"இருக்கேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.
பிறகு விரலிலிருந்து நண்டைப் பிய்த்துக்
கூடைக்குள் போட்டு,
"பாய்லயே போவோம்" என்றான்.